ஊர் விடுமுறையில் ஒரு ‘எகோ பார்க்’: காசு கொடுத்துப் போகலாமா?

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு வந்திருப்பவர்கள் அரைநாள் போய்வரலாம், ஆனால் காணியின் பின்பக்கத்துக்காகப் போங்கள். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் பழைய துலாவும் பனங்காய்ப் பணியாரமும் கூழும் அங்கேதான் இருக்கின்றன. விளம்பரத்தில் வரும் குளம், அன்னப் படகு, கூண்டுகள் எல்லாம் முன்பக்கத்தில். அதற்கு மட்டும் என்றால் பெற்றோல் செலவு வீண்.

பெயரை வேண்டுமென்றே போடவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னிப் பக்கமும் இந்த மாதிரி இடங்கள் அடுத்தடுத்துத் திறக்கிறார்கள், ஒன்றோடொன்று அச்சடித்த மாதிரித்தான் இருக்கின்றன. நீங்கள் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் இதில் சொல்வது பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

நாங்கள் போனது ஓகஸ்ட் மாதம், நல்லூர்த் திருவிழா நேரம். ரொறன்ரோவிலிருந்து அண்ணாவும் மச்சாளும் மூன்று பிள்ளைகளும் வந்திருந்தார்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு வான் பிடித்துப் போனோம். இடம் வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில், முந்தி வெங்காயமும் புகையிலையும் போட்ட பழைய தோட்டக்காணி. வாசலில் சீமெந்தில் செய்த பெரிய ஆலமரம் ஒன்று, அதன் பொந்துக்குள்தான் ரிக்கற் கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்கு 500 ரூபா, பிள்ளைகளுக்கு 300. விலை நியாயம்தான். ஆனால் அது உள்ளே நடந்து திரிவதற்கு மட்டும். படகு, கம்பியில் தொங்கிப் போகும் ஸிப் லைன், மீன் கடிக்கும் தொட்டி, மாட்டுவண்டி எல்லாவற்றுக்கும் தனித்தனியாக எடுக்கவேண்டும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் இதற்கு இல்லை அதற்கு இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது, கடைசியில் வாசலில் கொடுத்ததைப்போல மூன்று மடங்கு போய்விடும். எல்லாம் சேர்த்து ஒரே ரிக்கற்றாகக் கொடுத்தால் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு எவ்வளவு நிம்மதி.

நுழைந்தவுடன் குளம். பெரிய குளம், நடுவில் ஒரு தீவு, தீவில் கிடுகு வேய்ந்த கொட்டில், அதற்குப் போக மரப்பாலம். படம் எடுக்க அழகுதான், மறுக்கவில்லை. மூத்த மருமகள் காலை நனைக்கலாம் என்று கரையில் குந்தியவள், “மாமி, இது பிளாஸ்ரிக்!” என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். கரைப்புல்லுக்கு அடியிலிருந்து கறுப்பு நிறத்தில் தடித்த விரிப்பு ஒன்று மடிந்து வெளியே வந்திருந்தது, வெயில் பட்டு விறைத்து, மடிப்பு வழியே வெடித்து, வெடிப்புக்குள் பாசி பிடித்திருந்தது. குளம் முழுக்க அடியில் அந்த விரிப்புத்தான்.

அது ஏன் என்று எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியிருந்தது. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே விழும் தண்ணீர் வெடிப்புகளாலும் பொந்துகளாலும் இறங்கிக் கீழே போய்விடும், மேலே நிற்காது. வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இங்கே இல்லை, வழுக்கியாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழை கொடுப்பதைத்தான் நிலம் உறிஞ்சி வைத்திருக்கிறது, அதைத்தான் நாங்கள் குடிக்கிறோம், குளிக்கிறோம், மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறைக்கிறோம். அந்த நல்ல தண்ணீர் கீழே உள்ள உவர்த்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. அளவுக்கு மிஞ்சி இழுத்தால் உவர் மேலே ஏறும், ஒருமுறை ஏறினால் லேசில் இறங்காது.

இப்படியான மண்ணில், ஓகஸ்ட் வெயிலில், சோளகக் காற்று வாரிக்கொண்டு போகும் நேரத்தில் ஒரு குளம் விளிம்புவரை நிரம்பி நிற்கிறது என்றால் யாரோ நிரப்புகிறார்கள். படகுக்குப் பொறுப்பான பெடியனைக் கேட்டேன். “தம்பி, இதுக்குத் தண்ணி எங்கயிருந்து?” ஒளிக்காமல் சொன்னான். “குழாய்க் கிணறு அடிச்சிருக்கு அக்கா. காலமையும் பின்னேரமும் மோட்டர் போடுவம், இல்லாட்டி படகு தரை தட்டும்.” புல்லுக்கும் அதே தண்ணீர், சீமெந்து மலையிலிருந்து விழும் நீர்வீழ்ச்சிக்கும் அதே தண்ணீர். வாசலில் ‘இயற்கையைக் காப்போம்’ என்று எழுதியிருக்கிறார்கள். பக்கத்துக் காணிக்காரர் தோட்டக்கிணறு வற்றுகிறது என்று சொல்லும் மாதத்தில் படகு விடுவதற்காகத் தண்ணீர் இறைப்பதை நான் எப்படி இயற்கை என்று சொல்வது? எனக்கு இதில் உண்மையாகவே கோபம்.

குளமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊர்களில் கோயிலடியிலும் வயல்கரையிலும் எத்தனை குளங்கள் இருந்தன, இன்னும் இருக்கின்றன. அவை மாரியில் நிரம்பும், கோடையில் வற்றி மாடு மேயும் தரையாகும். நிரம்பி நிற்கும் நாட்களில் தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கிச் சுற்றியுள்ள கிணறுகளுக்குப் போகும், அதற்காகத்தான் எங்கள் ஆட்கள் அவற்றைத் தூர்வாரி வைத்திருந்தார்கள். விரிப்புப் போட்ட குளம் நேர்மாறு. கிணற்றிலிருந்து எடுக்கிறது, திருப்பிக் கொடுப்பதில்லை. அந்த விரிப்பை எடுத்துவிட்டு மாரிக் குளமாக விட்டால் டிசம்பரில் படகு ஓடலாம், ஓகஸ்டில் வெடித்த தரையில் பிள்ளைகள் பந்து அடிக்கலாம். நான் அதற்கும் காசு கொடுத்து வருவேன்.

மச்சாள் இந்த இடத்தில் ஒன்று சொன்னா. கனடாக்காரர் பனிக்காலத்தில் மெக்சிக்கோவுக்குப் போவது வழக்கம்தானே, அவர்கள் குடும்பமும் ஒருமுறை அங்கே கரீபியன் கரையில் உள்ள எக்ஸ்கரெட் என்ற பூங்காவுக்குப் போயிருக்கிறார்கள். 1990இல் திறந்தது, உலகம் முழுக்கப் பெயர்போன இடம், அதுவும் சரியாகக் காசு வாங்கும் வியாபார இடம்தான். அவ சொல்லச் சொல்ல எனக்கு ஆச்சரியம் என்னவென்றால் அந்த யுக்கத்தான் நிலமும் எங்களைப்போல சுண்ணாம்புக்கல் நிலம், மேலே ஆறு இல்லை, தண்ணீர் முழுக்க நிலத்துக்குக் கீழே. அங்கே உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு நிலத்தடி ஆற்றிலேயே நீந்தலாமாம். அதற்கு முன்னால், உடம்பில் பூசும் சாதாரண சன்ஸ்கிறீம் தண்ணீரைக் கெடுக்கும் என்று அதை வாங்கி வைத்துக்கொண்டு, கெடுக்காத ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்களாம், வெளியே வரும்போது சொந்தச் சாமானைத் திருப்பித் தருவார்களாம். எவ்வளவு சின்னக் காரியம்! ஆனால் அந்த ஒரு காரியத்தால் வருகிற ஒவ்வொருவருக்கும், இது குடிக்கிற தண்ணீரோடு தொடுத்த தண்ணீர் என்று தெரிந்துவிடுகிறது. எங்கள் பூங்காவில் யாரும் தண்ணீரைப் பற்றி ஒரு பலகைகூட வைக்கவில்லை.

மிருகங்கள் இருக்கும் பகுதியை நான் விரைவாகக் கடந்துவிட்டேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். முயல் கூண்டுக்குத் தகரக் கூரை. மத்தியானம் பதினொன்றரைக்கு அந்தத் தகரத்துக்குக் கீழே முயல்கள் பக்கவாட்டில் சரிந்து கிடந்து மூச்சு வாங்கின, தண்ணிச் சட்டியில் பச்சைப் பாசி மட்டும் இருந்தது. அங்கே நின்ற பிள்ளையிடம் சொன்னவுடன் ஓடிப்போய் வாளியில் கொண்டுவந்து ஊற்றினாள், அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவு கூண்டுக்கும் அவள் ஒருத்திதான். ஒரு குளம் நிறைய ஊற்றத் தண்ணீர் இருக்கும் இடத்தில் முயலின் சட்டி காய்ந்து கிடக்கக்கூடாது. தகரத்தின் மேல் நாலு கிடுகு போட்டாலே சூடு பாதியாகிவிடும், கிடுகுக்கு இந்த ஊரில் பஞ்சமா?

இன்னொன்று. நடைபாதை நெடுக சீமெந்துக் காளான்களுக்குள் ஒலிபெருக்கி வைத்து ஏதோ நாட்டுக் குருவிச் சத்தம் போடுகிறார்கள். அதே நேரம் எல்லையில் நிற்கும் கிளுவை வேலிக்குள் உண்மையான செண்பகம் ஒன்று கூவிக்கொண்டிருந்தது, ஒலிபெருக்கியால் அது பிள்ளைகளின் காதில் விழவேயில்லை. நான் சின்னவனைக் கூட்டிக்கொண்டு போய் வேலியடியில் நிறுத்திக் காட்டினேன். செம்பழுப்புச் செட்டை, சிவந்த கண், நிலத்தில் தத்தித் தத்திப் போய் எதையோ கொத்தியது. அவனுக்கு அன்றைக்கு முழுவதும் அதுதான் கதை. அந்தக் கிளுவையும் பூவரசும் ஆடாதோடையும் சேர்ந்த பழைய வேலியைப் பிடுங்காமல் விட்டதற்காக முதலாளிக்கு நன்றி சொல்லவேண்டும். அந்த ஒலிபெருக்கியையும் நிறுத்திவிட்டால் போதும்.

சரி, பின்பக்கத்துக்கு வருகிறேன். எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

மாட்டுவண்டிப் பாதை முடியும் இடத்தில் கட்டுக்கிணறு ஒன்று, அதன் பக்கத்தில் பழைய துலா. தாங்கி நிற்கப் பூவரசங் கதிகால், அதன் மேல் பனந்துலா, கொடியில் (கயிற்றில்) தண்ணீர் அள்ளும் பனையோலைப் பட்டை. கடைகளில் தொங்கும் அழகுச் சாமான் இல்லை, தண்ணீர் அள்ளும் துலா. அதற்குப் பொறுப்பாக எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஐயா. தோட்டக்காரர், சின்ன வயதில் துலா மிதித்தவர். பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திக்கொண்டு, “இதுக்கு மூண்டு பேர் வேணும் பிள்ளையள்” என்று தொடங்கினார். ஒருவர் துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடக்கவேண்டும், கீழே நிற்பவர் பட்டையைப் பிடித்து இறக்கி, நிரம்பி வரும்போது தொட்டியில் சரிக்கவேண்டும், மூன்றாமவர் தோட்டத்துக்குள் நின்று மண்வெட்டியால் வாய்க்காலைத் திறந்து ஒவ்வொரு பாத்தியாகத் தண்ணீர் மாறவேண்டும். இப்போது யாரையும் மேலே ஏற்றுவதில்லை, பயம். கீழே நின்று இழுக்க மட்டும் விடுகிறார்கள்.

மூத்தவள் கொடியைப் பிடித்து இழுத்தாள். பட்டை கிணற்றுக்குள் போகும்போது ஓலை உரசும் சத்தம், பிறகு தண்ணீரில் படுத்து மெல்லச் சரிந்து நிரம்புகிற நேரம், பிறகு துலா தானாகவே மேலே தூக்கத் தொடங்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும்! பாரத்தை மரம் வாங்கிக்கொள்கிறது என்பது கைக்குத்தான் விளங்கும், சொல்லி விளங்காது. தொட்டியில் ஊற்றிய தண்ணீர் செம்மண் வாய்க்காலுக்குள் நுரைத்துக்கொண்டு ஓட, நடுவிலான் மண்வெட்டியோடு அதன் பின்னால் ஓட, கத்தரிப் பாத்திக்குப் போகவேண்டிய தண்ணீர் வாழையடிக்குப் போய்விட்டது. ஐயா சிரித்துக்கொண்டே மண்ணைக் காலால் அணைத்துத் திருப்பிவிட்டார்.

நான் அவரிடம் உவர் பற்றிக் கேட்டேன். “துலாவால எவ்வளவு இறைச்சாலும் மனிசன் களைச்சுப்போவான், கிணறு களைக்காது. இரவைக்கு ஊறிடும்” என்றார். “மெசின் வந்தாப் பிறகு அடிமட்டும் இழுக்கினம். அதுக்குக் களைப்புத் தெரியுமே?” பிறகு முன்பக்கத்துக் குளத்தின் திசையைக் கையால் காட்டி, “உதுக்கு இறைக்கத் தொடங்கி இந்தக் கிணத்துத் தண்ணீன்ர ருசி மாறிப்போச்சு” என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, இன்றைக்கு மழை வராது என்கிற மாதிரிச் சொன்னார். நான் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தேன். நாக்கின் ஓரத்தில் இலேசான கரிப்பு. அந்தப் பூங்காவில் மிகப் பெரிய ஆசிரியர் இந்த ஐயாதான், அவரை ஆகப் பின்னால், கழிப்பறை தாண்டி, வழிகாட்டிப் பலகைகூட இல்லாத இடத்தில் வைத்திருக்கிறார்கள். முன்னுக்குக் கொண்டுவாருங்கள், அவரோடு இரண்டு இளம் பெடியன்களை நிறுத்திப் பழக்குங்கள். அவருக்குப் பிறகு பட்டை கோலத் தெரிந்தவர் யார்?

பனைப் பகுதியும் பக்கத்தில்தான். நாங்கள் போன நேரம் பனையிலிருந்து இறக்கும் இனிப்பான கருப்பநீருக்குக் காலம் இல்லை, இல்லை என்று நேர்மையாகவே சொன்னார்கள், போத்தலில் அடைத்த எதையோ தந்து ஏமாற்றவில்லை. பனம்பழம் தொடங்கியிருந்தது. ஒரு அம்மா பாயில் இருந்து, சுட்ட பழத்தின் தோலை உரித்து, தும்போடு சேர்த்துப் பிசைந்து பிசைந்து களி எடுத்துக்கொண்டிருந்தா. முழங்கைவரை செம்மஞ்சள். அந்த வாசனை காணி முழுக்க. களியில் மாவும் சீனியும் சேர்த்து உருட்டிக் கொதிக்கிற எண்ணெய்க்குள் விட்டு எடுத்த பணியாரத்தை ஆறுவதற்கு முன்னமே தின்று சின்னவன் நாக்கைச் சுட்டுக்கொண்டான். எங்கள் அம்மாவும் அந்த அம்மாவும் எந்தப் பனையின் பழம் கசக்கும், எது இனிக்கும் என்று கதைத்துக்கொண்டிருந்ததில் அரைமணித்தியாலம் போனது. பிழிந்த விதையை என்ன செய்வீர்கள் என்று மச்சாள் கேட்க, பாத்தியில் அடுக்கிப் புதைத்தால் மாரிக்குப் பிறகு கிழங்கு கிண்டலாம், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் காயவைத்தால் ஒடியல் என்று கையில் ஒன்றை உடைத்தே காட்டினா. 1978இல் பனை அபிவிருத்திச் சபை தொடங்கிய காலத்திலிருந்து பனையை எப்படி விற்பது என்று கூட்டம் போட்டுக் கதைக்கிறோம், இங்கே ஒரு பாயும் ஒரு சட்டியும் வைத்து விற்கிறார்கள், வரிசையில் நின்று வாங்குகிறார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூழ். முதல்நாள் தொலைபேசியில் சொல்லி வைத்திருந்தோம், அப்படிச் சொன்னால்தான் காய்ச்சுகிறார்கள். பெரிய மண்சட்டி, அதற்குள் மீன், நண்டு, இறால், பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை. ஒடியல் மாவைக் கசப்புப் போக ஊறவைத்து வடித்திருந்தார்கள், நிறையக் கடைகளில் இந்த வேலையைச் செய்யாமல் விடுவதால்தான் வெளிநாட்டுப் பிள்ளைகள் முதல் வாயிலேயே வைத்துவிடுகிறார்கள். உறைப்புச் சரி, புளி ஒரு சொட்டுக் கூட. பனையோலைப் பிளாவில் ஊற்றித் தந்தார்கள், ஒன்று 300 ரூபா. மூத்தவள் இரண்டு பிளா குடித்தாள், நண்டுக் காலை உடைக்கத் தெரியாமல் அப்பம்மாவிடம் நீட்டினாள். உணவுக்கு மட்டும் புள்ளி போடு என்றால் நான் முழுப் புள்ளியும் போடுவேன்.

பிளாவில் கூழ் ஊற்றும் இடத்திலிருந்து இருபது அடியில், குளிர்பானக் கடையில் பிளாஸ்ரிக் ஸ்ட்ரோ தருகிறார்கள். 2023 ஒக்டோபரிலிருந்து நாட்டிலேயே தடைசெய்த சாமான் அது. தண்ணீரும் போத்தலில்தான், நிரப்பிக்கொள்ள ஒரு குழாய் இல்லை. ஏழு பேர் நாங்கள் எத்தனை போத்தல் வாங்கியிருப்போம் என்று பாருங்கள். கழிப்பறைகள் துப்புரவு, அதையும் சொல்லவேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு ஒன்று தனியாக இருக்கிறது, சக்கர நாற்காலி போகும் அளவுக்குப் பாதையும் அகலம். அம்மாவின் முழங்காலுக்கு அது பெரிய உதவி.

திரும்பும்போது முகாமையாளரைச் சந்தித்து, குளத்தையும் முயல் கூண்டையும் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மழைநீரைக் கூரைகளிலிருந்து சேர்த்துக் குளத்துக்கு விட யோசிக்கிறோம் என்றார். மாரிக்குப் பிறகு போய்ப் பார்ப்பேன், செய்திருந்தால் அதையும் எழுதுவேன்.

பிள்ளைகளோடு இன்னும் ஒருநாள் கையில் இருந்தால் புத்தூர்ப் பக்கம் நவக்கிரியில் நிலாவரைக் கிணற்றைப் பாருங்கள், செலவில்லை. மேலே நன்னீர், ஆழத்தில் உவர், நான் மேலே அவ்வளவு நீட்டி எழுதியதை அந்தக் கிணறு ஒரே பார்வையில் சொல்லிவிடும். மாரி காலத்தில் வருகிறவர்கள் என்றால் சுண்டிக்குளம். 1938இலேயே பறவைகள் சரணாலயமாக்கி, 2015இல் தேசிய பூங்காவாக்கிய இடம், மழைக்குப் பிறகு களப்பில் பூநாரையும் சங்குவளை நாரையும் வரும். படகும் கிடையாது, கூழும் கிடையாது, தண்ணீரும் சாப்பாடும் தொப்பியும் கட்டிக்கொண்டுதான் போகவேண்டும்.

பூங்காவுக்கே போவதென்றால் காலை ஒன்பது மணிக்கு வாசல் திறக்கும்போது நில்லுங்கள், குளத்தடியில் நிற்காமல் நேரே பின்னால் போங்கள், வெயில் ஏறினால் ஐயா துலாவை நிறுத்திவிடுவார். திருவிழா நாட்களில் பணியாரம் நேரத்தோடேயே முடிந்துவிடுகிறது. கூழுக்கு முதல்நாள் சொல்லுங்கள், மரக்கறிக் கூழ் வேண்டுமென்றால் அதையும் தனியாகச் சொல்லுங்கள். தண்ணிப் போத்தலை வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு போங்கள், வாசலில் தடுப்பதில்லை.